பம்பை அரிக்கும் குமிழிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பம்புகளின் உறிஞ்சுகுழாய் அமைப்பைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேவிட்டேஷன், அதாவது ஓடும் நீருக்குள் ஆவிக்குமிழிகள் பிறந்து நொறுங்குவது, என்ற ஒரே சிக்கலைச் சுற்றியே இருந்தன. ஒத்த கேள்விகளைச் சேர்த்து, இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஆலையின் குளிர்நீர்ச் சுற்றில் ஓடும் மையவிலக்குப் பம்பினுள் சரளைக் கற்கள் உருள்வது போன்ற ஓசை கேட்கிறது. பிரித்துப் பார்த்தபோது இம்பெல்லரின் (உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் சக்கரத்தின்) இறக்கைகளில் சிறுசிறு குழிகள் இருந்தன. உலோகம் தரமற்றது என்கிறார் ஒருவர். உறிஞ்சுகுழாயில் காற்று புகுகிறது என்கிறார் இன்னொருவர். எது சரி? (பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர் ஒருவர்)

பதில்: நீங்கள் சொல்லும் இரு அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டுமே காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும் என்பது கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு மட்டுமே பொருந்தும். 20 டிகிரி வெப்பத்தில் உள்ள தண்ணீரும், அதன் மீதுள்ள அழுத்தம் 2.3 கிலோபாஸ்கலுக்கு, அதாவது காற்றழுத்தத்தில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குக்கு இறங்கினால் கொதிக்கத் தொடங்கும். அந்த எல்லையே அந்த வெப்பத்தில் நீரின் ஆவியழுத்தம். இம்பெல்லரின் வாயில் நுழையும் நீர் இறக்கையின் முன்விளிம்பைச் சுற்றி வளைந்து விரையும்போது அங்கே அழுத்தம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவு ஆவியழுத்தத்தைத் தொட்டால் நீருக்குள் ஆவிக்குமிழிகள் பிறக்கின்றன. அவை நீரோடு சற்றுத் தூரம் சென்று, அழுத்தம் கூடிய இடத்தை அடைந்ததும் நொறுங்கி மறைகின்றன. நீங்கள் கேட்கும் ஓசையும், நீங்கள் பார்த்த குழிகளும் அந்த நொறுங்கலின் விளைவுகள்.

காற்றுப் புகுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. காற்று புகுந்தால் பம்பின் ஹெட் (நீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும் என்ற அளவு) குறையும், ஓட்டம் விட்டுவிட்டு வரும். ஆனால் காற்றுக்குமிழி ஆவிக்குமிழியைப் போல ஒரு நொடியில் மறைந்துபோக முடியாதாகையால் உலோகத்தைக் கொத்துவதில்லை. சொல்லப்போனால், சிறிதளவு காற்று நீரில் கலந்திருப்பது நொறுங்கலின் வேகத்தைத் தணிக்கவே செய்யும். உலோகத்தின் தரக்குறைவு என்ற ஐயத்தையும் குழிகள் இருக்கும் இடத்தை வைத்தே தீர்த்துக்கொள்ளலாம். துருவரிப்பு நனைந்த பரப்பெங்கும் பரவும். மணல் கலந்த நீர் ஓட்டத்தின் திசையில் வழவழப்பான பள்ளங்களை விட்டுச்செல்லும். கேவிட்டேஷனோ ஒரு குறிப்பிட்ட திட்டில் மட்டும் சொரசொரப்பான ஆழ்குழிகளை உண்டாக்கி, அதற்கு இரண்டு விரற்கடை தள்ளியுள்ள உலோகத்தைப் புதியதுபோல விட்டுவைக்கும். அந்தத் திட்டும் அழுத்தம் மிகக் குறைந்த இடத்தில் இராது. அதைத் தாண்டி, குமிழிகள் நொறுங்கும் இடத்தில் இருக்கும்.

அடுத்த முறை பம்பைத் திறக்கும்போது பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறு கண்ணாடி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். இம்பெல்லரின் வாய்க்குள் நேராகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் இறக்கைப் பக்கத்தில் குழிகள் இருந்தால், உறிஞ்சுபுறத்தில் அழுத்தம் போதவில்லை என்று கொள்ளலாம். நேராகப் பார்த்தால் தெரியாத மறுபக்கத்தில், கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் குழிகள் புலப்பட்டால், காரணம் வேறு. பம்பு தன் இயல்பான அளவைவிட மிகக் குறைந்த ஓட்டத்தில் இயக்கப்படுகிறது, அதனால் வாயருகே நீர் பின்னோக்கிச் சுழல்கிறது, அந்தச் சுழல்களின் நடுவில் குமிழிகள் பிறக்கின்றன என்பதே அதன் பொருள். முதலாவதற்கு உறிஞ்சுகுழாயைத் திருத்த வேண்டும். இரண்டாவதற்கு இயக்கும் முறையையோ பம்பின் அளவையோ மாற்ற வேண்டும். இந்த வேறுபாட்டைப் பாராமல் இம்பெல்லரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பலர் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: கண்ணுக்கே சரியாகத் தெரியாத குமிழி, எஃகை எப்படிப் பெயர்க்க முடியும்? (இயந்திரவியல் மாணவி ஒருவர்)

பதில்: இக்கேள்வியைக் கணிதமாக மாற்றி விடை கண்டவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு. கப்பல்களின் உந்துசக்கரங்கள் அரிக்கப்பட்டதற்குக் காரணம் தேடிய காலத்தில், 1917-இல் வெளியான தம் கட்டுரையில், சுற்றிலும் நீரால் சூழப்பட்ட வெற்றுக்கோளம் ஒன்று எவ்வாறு சுருங்கும் என்று அவர் கணக்கிட்டார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி, காற்றழுத்தத்தின் கீழ் முழுவதும் நொறுங்க ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுருங்கச் சுருங்க நீரின் வேகம் கூடிக்கொண்டே போவதால், கடைசிக் கட்டத்தில் அந்த இயக்க ஆற்றல் முழுவதும் மிகச் சிறிய இடத்தில் குவிகிறது.

ஆனால் ராலேயின் குமிழி நடுநீரில் கோள வடிவம் மாறாமல் சுருங்குவது. உலோகச் சுவரின் அருகில் இருக்கும் குமிழிக்கு அந்த வாய்ப்பு இல்லை. சுவர்ப்பக்கத்திலிருந்து நீர் எளிதில் வந்து சேர முடியாததால், எதிர்ப்பக்கம் முந்திக்கொண்டு உள்வாங்கி, குமிழியைத் துளைத்துக்கொண்டு சுவரை நோக்கி மெல்லிய நீர்த்தாரையாகப் பாய்கிறது. 1944-இல் கார்ன்ஃபெல்டும் சுவோரொவும் இப்படி நடக்கக்கூடும் என்று ஊகித்தனர். 1961-இல் நோடேயும் எல்லிஸும் அதை ஆய்வின் மூலம் காட்டினர். 1971-இல் பிளெசெட்டும் சாப்மனும் கணிப்பொறியின் துணையுடன் அந்தத் தாரையின் வேகத்தை நொடிக்கு ஏறத்தாழ 130 மீட்டர் என்று கணக்கிட்டனர். அந்த வேகத்தில் நீர் திடச்சுவரில் மோதும்போது எழும் கணநேர அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 2,000 மடங்கு. இதோடு, குமிழி தன் மிகச்சிறிய அளவை எட்டித் திரும்ப விரியும்போது கிளம்பும் அதிர்வலையும் சேர்கிறது. சேதத்தில் தாரையின் பங்கு எவ்வளவு, அதிர்வலையின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்றும் ஓய்ந்துவிடவில்லை. சுவரிலிருந்து குமிழி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

ஓர் அடியில் எஃகு பெயர்ந்துவிடுவதில்லை. முதலில் உலோகப்பரப்பு நுண்ணிய அளவில் நெளிந்து இறுகுகிறது. அந்தக் காலத்தில் எடை போட்டுப் பார்த்தால் இழப்பே தெரியாது. திரும்பத் திரும்ப அடிபட்டுத் தளரும் உலோகக் களைப்பு மிகுந்து விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்த பின்னர்தான் துகள்கள் உதிரத் தொடங்கும், அதன்பின் இழப்பு விரைவாக ஏறும். உலோகங்களை ஒப்பிடுவதற்கான ஏ.எஸ்.டி.எம். ஜி32 என்ற தரநிலைச் சோதனையில், 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் நீருக்குள் துடிக்கும் ஒரு முனையில் மாதிரியைப் பொருத்தி, அவ்வப்போது எடுத்து எடைபார்த்து இந்தக் கோட்டை வரைவார்கள். தொடக்கத்தில் தட்டையாகக் கிடக்கும் அந்தக் கோடு திடீரென்று மேலெழுவதைப் பார்த்தவர்கள், ஓராண்டு ஓடியும் ஒன்றும் ஆகவில்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: பம்பின் அட்டவணையில் தேவையான என்.பி.எஸ்.எச். 4 மீட்டர் என்று போட்டிருக்கிறது. எங்கள் அமைப்பில் 4.7 மீட்டர் கிடைக்கிறது. இருந்தும் இரண்டே ஆண்டுகளில் இம்பெல்லர் அரிக்கப்பட்டுவிட்டது. கணக்கில் பிழையா? (குழாய் அமைப்பு வடிவமைப்பாளர் ஒருவர்)

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே முக்கியமானது இதுதான். உங்கள் கணக்கில் பிழை இல்லை; அட்டவணையிலுள்ள எண்ணுக்கு நாம் கொடுக்கும் பொருளில்தான் பிழை இருக்கிறது.

முதலில் கிடைக்கும் அளவை மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என்.பி.எஸ்.எச். என்பது, பம்பின் வாயில் நீருக்கு ஆவியழுத்தத்துக்கு மேல் மிச்சமிருக்கும் அழுத்தத்தை, அதற்கு ஈடான நீர்த்தம்பத்தின் உயரமாக மீட்டரில் சொல்வது. கடல்மட்டத்தில் திறந்த தொட்டியின் மீது காற்று தரும் அழுத்தம் 10.3 மீட்டர். நீர் 30 டிகிரியில் இருந்தால் ஆவியழுத்தத்துக்காக 0.4 மீட்டர் கழியும். நீர்மட்டம் பம்புக்கு 4 மீட்டர் கீழே இருந்தால் அதுவும், குழாய் உராய்வில் 1.2 மீட்டர் போனால் அதுவும் கழிந்து, மிச்சம் 4.7 மீட்டர். இதே நீர் 60 டிகிரியில் இருந்தால் ஆவியழுத்தம் மட்டுமே 2 மீட்டரைத் தின்றுவிடும்; 80 டிகிரியில் அது 5 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்திலுள்ள இடத்தில் காற்றழுத்தமே 9.2 மீட்டர்தான்.

இனி தேவையான அளவு. உற்பத்தியாளரின் சோதனைக்கூடத்தில் பம்பை ஒரே வேகத்திலும் ஒரே ஓட்டத்திலும் வைத்துக்கொண்டு உறிஞ்சுபுற அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். பம்பின் ஹெட் 3 விழுக்காடு சரியும் இடத்தைக் குறித்து, அதையே அட்டவணையில் போடுவார்கள். ஹெட் 3 விழுக்காடு குறைய வேண்டுமென்றால் இறக்கைகளுக்கு இடையிலுள்ள வழியில் கணிசமான பகுதியை ஆவி அடைத்திருக்க வேண்டும். ஆக, அந்த எண் கேவிட்டேஷன் தொடங்கும் இடம் அன்று. நன்கு முற்றிய இடம். முதல் குமிழி தோன்றும் இடம் அதைவிட வெகு மேலே இருக்கிறது. பம்பின் வடிவமைப்பைப் பொறுத்து, குமிழிகளே இல்லாமல் செய்வதற்கு அட்டவணை எண்ணைப் போல 2 முதல் 20 மடங்குவரை தேவைப்படலாம் என்பது பம்புத் துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில்தான் அரிப்பு உச்சத்தை அடைகிறது. தொடக்கத்தில் குமிழிகள் குறைவு என்பதால் சேதம் குறைவு. முற்றிய நிலையிலோ ஆவி மிகுந்து, நொறுங்கலின் வேகம் தணிகிறது, ஓசைகூடக் குறைந்துவிடும். இடைப்பட்ட நிலையில் குமிழிகளும் நிறைய, அவற்றை நொறுக்கும் அழுத்தமும் வலுவானது. ஆனால் ஹெட்டை அளக்கும் கருவியில் எந்த மாற்றமும் தெரியாது. உங்கள் பம்பு 0.7 மீட்டர் உபரியோடு நின்றது அந்த இடைப்பகுதியில்தான். ஆகவே பெரிய பம்புகளை வாங்கும்போது 3 விழுக்காட்டுக் கோட்டோடு நின்றுவிடாமல், குமிழி தொடங்கும் கோட்டையும், இம்பெல்லர் 40,000 மணிநேரம் உழைப்பதற்குத் தேவையான என்.பி.எஸ்.எச். அளவையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

தேவையான எண் சிறியதாக இருந்தால் நல்லது என்று எண்ணி, இம்பெல்லரின் வாயை மிக அகலமாக்கிய பம்பைத் தேர்ந்தெடுப்பதிலும் கேடு உண்டு. வாய் அகலமானால் முழு ஓட்டத்தில் நன்றாக நடக்கும் பம்பு, ஓட்டம் சற்றுக் குறைந்ததுமே நீரைப் பின்னோக்கிச் சுழற்றத் தொடங்கும். ஒரு பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையின் 480 பம்புகளில் ஐந்தாண்டுகள் நேர்ந்த பழுதுகளை ஆராய்ந்து 1982-இல் ஹாலம் வெளியிட்ட முடிவு இங்கே நினைவுகொள்ளத்தக்கது. பம்பின் சுழல்வேகம், ஓட்டம், தேவையான என்.பி.எஸ்.எச். ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுவதும், தேவையான என்.பி.எஸ்.எச். சிறியதானால் பெரிதாவதுமான உறிஞ்சு வேக எண் எனப்படும் அளவு, அமெரிக்க அலகுகளில் 11,000-ஐத் தாண்டிய பம்புகள் மற்றவற்றைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பழுதாயின.

கேள்வி: உறிஞ்சுபுற வால்வைச் சற்று மூடி ஓட்டத்தைக் குறைத்தால் ஓசை அடங்குகிறது. அப்படியே விடலாமா?

பதில்: வேண்டாம். உறிஞ்சுபுறத்தில் தடை கூடினால் என்.பி.எஸ்.எச். மேலும் குறையும், ஓசை அடங்கியது ஆவி மிகுந்ததால் இருக்கலாம். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் நீர் வெளியேறும் பக்கத்து டெலிவரி வால்வைச் சற்று மூடுங்கள், அதுவும் உற்பத்தியாளர் குறித்த குறைந்தபட்ச ஓட்டத்துக்குக் கீழே போகாமல். வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் அதுவே மேல். அரிப்பின் வேகம் நீரின் வேகத்தோடு ஏறத்தாழ ஆறாம் மடியில் கூடுகிறது என்று 1950-களில் நாப் நடத்திய சோதனைகள் காட்டின.

கேள்வி: இந்தச் சிக்கல் முதலில் எங்கே தெரிய வந்தது?

பதில்: கப்பலில். 1893-இல் பிரிட்டனின் டேரிங் என்ற போர்க்கப்பல் வெள்ளோட்டத்தில் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. உந்துசக்கரத்தின் இறக்கைப் பரப்பைக் கூட்டிய பிறகே எட்டியது. அடுத்த ஆண்டு சார்லஸ் பார்சன்ஸ் தம் நீராவிச் சுழலியால் இயங்கும் டர்பினியா கப்பலில் இதே தடையைச் சந்தித்தார். அவர் செய்த காரியம் இத்துறையின் தொடக்கம் என்று சொல்லத்தக்கது: 1895-இல் நீர் சுற்றிவரும் சிறு மூடிய கூண்டு ஒன்றைச் செய்து, மேலிருந்து காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்து, விட்டுவிட்டு வெட்டும் ஒளியில் இரண்டு அங்குல உந்துசக்கரத்தின் மீது குமிழிகள் உருவாவதைக் கண்ணாலேயே பார்த்தார். டர்பினியாவுக்கு மூன்று அச்சுகளும் ஒவ்வொன்றிலும் மூன்று சக்கரங்களும் பொருத்தப்பட்டன. 1897-இல் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் அது 34 நாட் வேகத்தில் பாய்ந்தது.

கேள்வி: நீர்மின் நிலையச் சுழலிகளிலும் ராக்கெட்டுகளிலும்கூட இது உண்டு என்று படித்தேன். அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்? (ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்)

பதில்: சுழலியில் நீர் வெளியேறும் பக்கத்தில்தான் அழுத்தம் குறைவு. ஆகவே வெளியேறும் நீர்மட்டத்திலிருந்து சுழலியை எவ்வளவு உயரத்தில் அல்லது ஆழத்தில் வைப்பது என்பதே அடிப்படை முடிவு. ஆவியழுத்தத்துக்கு மேல் மிச்சமிருக்கும் அழுத்தத்தை நீர் விழும் மொத்த உயரத்தோடு ஒப்பிட்டு 1920-களில் டீட்டர் தோமா வகுத்த விகிதம், சோதனைக்கூடத்து மாதிரியில் கண்டதைப் பெரிய சுழலிக்குப் பொருத்திப் பார்க்க இன்றும் பயன்படுகிறது. ஆழமாக வைத்தால் அரிப்பு குறையும், தோண்டும் செலவு கூடும். எனவே ஓரளவு அரிப்பை ஏற்றுக்கொண்டு கட்டுவதே வழக்கம். 13 விழுக்காடு குரோமியமும் 4 விழுக்காடு நிக்கலும் கொண்ட எஃகில் சக்கரத்தை வார்த்து, குறித்த கால இடைவெளியில் நிறுத்தி, அரித்த இடங்களை வெல்டிங்கால் நிரப்பி, வடிவம் மாறாமல் தேய்த்து எடுக்கிறார்கள். வடிவம் பிசகினால் பூசிய இடத்துக்குப் பின்னாலேயே புதிய அரிப்பு பிறக்கும். பிரான்சிஸ் என்ற வகைச் சுழலிகளைக் குறைந்த சுமையில் ஓட்டும்போது வெளியேற்றுக் குழாயில் திருகிச் சுழலும் ஆவித்தண்டு, சக்கரத்தின் சுழற்சி வேகத்தில் 0.2 முதல் 0.4 மடங்கு அதிர்வெண்ணில் நிலையத்தையே துடிக்கச் செய்யும். அதைத் தணிக்கச் சிறிதளவு காற்றை வேண்டுமென்றே உள்ளே விடுவதுண்டு.

ராக்கெட்டில் நிலைமை நேர்மாறு. எரிபொருள் தொட்டியின் எடையைக் குறைக்க அதன் அழுத்தத்தைக் குறைவாகவே வைக்க வேண்டியிருப்பதால், அங்கே கேவிட்டேஷனைத் தவிர்ப்பதில்லை, தாங்குகிறார்கள். இம்பெல்லருக்கு முன்னால் இண்டியூசர் என்ற திருகு இறக்கைச் சக்கரத்தை வைத்து, குமிழிகளோடேயே அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். திரவ ஹைட்ரஜன் ஆவியாகும்போது தன் சுற்றுப்புறத்தைக் கணிசமாகக் குளிர்விப்பதால் அங்கே ஆவியழுத்தம் குறைந்து குமிழிகள் தாமாகவே அடங்குவது இதற்கு ஓரளவு துணை. ஆனாலும் 1999 நவம்பர் 15 அன்று ஏவப்பட்ட ஜப்பானின் எச்-2 ராக்கெட், முதல் அடுக்கு எஞ்சின் இடையில் நின்றதால் தோல்வியடைந்தது. ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழக் கடலடியிலிருந்து எஞ்சினை மீட்டு ஆராய்ந்தபோது, ஹைட்ரஜன் பம்பின் இண்டியூசர் இறக்கை ஒன்று களைப்பினால் முறிந்திருந்தது தெரிந்தது; கேவிட்டேஷன் எழுப்பிய அழுத்த ஏற்றத்தாழ்வுகளே அந்தக் களைப்புக்கு வழிவகுத்தன. அங்கே உலோகம் அரிக்கப்படவில்லை, அதிர்ந்தே முறிந்தது. இண்டியூசர் ஆராய்ச்சி அதன் பிறகு நிலையற்ற கேவிட்டேஷனை நோக்கி வெகுவாகத் திரும்பியது.

கேள்வி: நூறாண்டுகளுக்கு மேல் ஆராய்ந்த பிறகும் இதில் தீராதது என்ன இருக்கிறது? கணினியால் கணக்கிட்டுவிட முடியாதா? (ஆய்வு மாணவர் ஒருவர்)

பதில்: தீராதது நிறைய இருக்கிறது, முதலாவது, குமிழி எப்போது பிறக்கும் என்பதே. தூய நீர் ஆவியழுத்தத்தைத் தொட்டதும் கிழிந்துவிடுவதில்லை. 1950-இல் லைமன் பிரிக்ஸ், மெல்லிய கண்ணாடிக் குழலில் நீரை அடைத்து வேகமாகச் சுழற்றி, அது ஏறத்தாழ 277 காற்றழுத்த இழுவிசையைத் தாங்குவதைக் காட்டினார். நம் பம்பில் ஓடும் நீர் அப்படித் தாங்காததற்குக் காரணம், அதில் மிதக்கும் நுண்குமிழிகளும், தூசுகளின் இடுக்குகளில் ஒட்டியிருக்கும் வாயுவும். இந்த வித்துகளின் எண்ணிக்கை நீருக்கு நீர் வேறுபடுவதால், ஒரே மாதிரி பம்பு இரண்டு சோதனைக்கூடங்களில் இரண்டு விடைகள் தரலாம். அதோடு பரப்பை ஒட்டிய நீரின் போக்கும் சேர்கிறது: அராகேரியும் அகோஸ்டாவும் 1973-இல், வழவழப்பான உடலின் மீது நீரடுக்கு பிரிந்து விலகும் குறுகிய பகுதியில்தான் கேவிட்டேஷன் தொடங்குகிறது என்று ஒளியியல் முறையால் காட்டினர்.

இரண்டாவது, இறக்கை மீது படலமாகப் படியும் ஆவி எப்படித் திடீரென்று அறுந்து மேகமாகப் பிரிகிறது என்பது. படலத்தின் அடியில் பின்னோக்கிப் புகும் நீர்த்தாரையே அதை அறுக்கிறது என்பது நெடுங்காலமாக இருந்த விளக்கம். 2016-இல் கணேஷ், மாகிஹார்யு, செச்சியோ ஆகியோர் எக்ஸ்-கதிரால் ஆவியின் அடர்த்தியை அளந்து, குமிழிக்கலவையின் ஊடே பின்னோக்கி நகரும் அதிர்வலையும் அதை அறுக்கிறது என்று காட்டினர். குமிழிகள் நிறைந்த நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,500 மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர்களுக்கும் கீழே விழுந்துவிடுவதால், சாதாரண ஓட்டமே அங்கே ஒலியை மிஞ்சியதாகிவிடுகிறது. சாதாரண ஒளிப்படத்தில் வெண்ணுரையாக மட்டுமே தெரிந்ததற்குள் இப்படி ஒரு இயக்கம் இருந்தது எனக்குப் பெருவியப்பைத் தந்த செய்தி.

கணினியைப் பற்றி: ராலேயின் சமன்பாட்டைப் பிளெசெட் விரிவாக்கியதை அடிப்படையாகக் கொண்ட ஷ்னெர்-சாவர், ஸ்வார்ட் முதலிய மாதிரிகள் ஹெட் எங்கே சரியும் என்பதை நன்றாகவே கணிக்கின்றன. அரிப்பைக் கணிப்பதுதான் கடினம். குமிழியின் கடைசி நொறுங்கல் மைக்ரோமீட்டர் அளவிலும் மைக்ரோநொடியிலும் நடக்கிறது. பம்பின் ஓட்டமோ மீட்டர் அளவிலும் நொடி அளவிலும். உலோகத்தின் களைப்பு மாதக்கணக்கில். இம்மூன்றையும் ஒரே கணக்கில் இணைப்பதற்கு நம்பத்தகுந்த பொதுமுறை இன்னும் உருவாகவில்லை. நீங்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், என் பரிந்துரை இதுவே.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத் திறக்காமலே இதைக் கண்டறிய எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. உறிஞ்சுபுறத்தில் வாயை ஒட்டிக் கூட்டழுத்தமானி (காற்றழுத்தத்துக்கு மேலும் கீழும் அளக்கும் கருவி) ஒன்றைப் பொருத்தி, நீரின் வெப்பத்தையும் ஓட்டத்தையும் உடன் குறித்தால், கிடைக்கும் என்.பி.எஸ்.எச். எவ்வளவு என்பது அன்றாடம் தெரியும். இதைச் செய்யாத ஆலைகளே மிகுதி. அடுத்து, பம்பின் உடலில் ஒட்டும் ஒலி உமிழ்வு உணரிகள். நொறுங்கும் குமிழிகள் பல நூறு கிலோஹெர்ட்ஸ் வரை அலைகளை எழுப்புவதால், பேரிங், மோட்டார் ஆகியவற்றின் தாழ்ந்த அதிர்வுகளிலிருந்து அவற்றைப் பிரித்தறிய முடியும். உணரி காட்டும் அளவை அப்படியே நம்பாமல், உறிஞ்சுபுற நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது ஒன்றும் தாழ்ந்திருக்கும்போது ஒன்றுமாக எடுத்து ஒப்பிடுங்கள். நீர்மட்டம் ஏறும்போது அளவு குறைந்தால் கேவிட்டேஷன் என்று பெரும்பாலும் உறுதிகொள்ளலாம். ஆனால் ஏற்கெனவே முற்றிய நிலையிலுள்ள பம்பில், நீர்மட்டம் ஏறும்போது ஓசை முதலில் கூடிய பிறகே குறையும்; எனவே இரண்டு அளவுகளோடு நிறுத்தாமல் இடைப்பட்ட மட்டங்களிலும் எடுத்து, ஓட்டத்தின் அளவோடு சேர்த்துப் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.